அம்மாவுக்கு முதியோர் இல்லம் பார்க்கிறோம்: எதைக் கேட்க வேண்டும், எதில் கையெழுத்துப் போடக் கூடாது?

கிள்ளியூர்க்காரன்

எல்லாருக்கும் வணக்கம். நான் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறேன், வீடு கருங்கல் பக்கம். அம்மாவுக்கு 78 வயது. அப்பா போன பிறகு தனியாகத்தான் இருந்தார். ஐப்பசி மழையில் முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். சுகரும் பிரஷரும் உண்டு. ஞாபகம் எல்லாம் நன்றாக இருக்கிறது.

ஏஜென்சி மூலம் ஹோம் நர்ஸ் வைத்தோம். யாரும் நிலையாக நிற்பதில்லை. ஓணம், கிறிஸ்துமஸ் என்று ஊருக்குப் போனால் வேறு ஆள்தான் வருகிறார். தங்கை திருச்சியில், அவள் மாமியாரும் படுக்கையில். அண்ணன் சென்னையில் லிப்ட் இல்லாத மூன்றாவது மாடியில்.

மூன்று இல்லங்கள் பட்டியலில் இருக்கின்றன. நாகர்கோவில் பக்கம் ஒன்று புதுக் கட்டடம், பெரிய டெபாசிட். இன்னொன்று டெபாசிட் வேண்டாம், ஆனால் இருக்கிற பத்து சென்ட்டை டிரஸ்ட் பெயருக்கு எழுதித் தந்தால் ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொள்வோம் என்கிறார்கள். மூன்றாவது கன்னியாஸ்திரிகள் நடத்துவது, இடம் காலியானால் சொல்கிறோம் என்றார்கள். இதற்கிடையில் அண்ணன், இல்லத்தில் சேர்ப்பதற்கு முன்பே வீட்டையும் தென்னந்தோப்பையும் தன் பெயருக்கு மாற்றிவிட்டால் பிறகு அலைச்சல் இருக்காது என்கிறார். லீவு முடிவதற்குள் ஒரு முடிவுக்கு வர வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் மக்கா

மக்கா, கோபப்படாதே. பெற்ற தாயைக் கொண்டுபோய் இல்லத்தில் தள்ளிவிட்டு நீ அங்கே பிரியாணி சாப்பிடுவாயா? நம் ஊரில் இது புதுப் பழக்கம். பக்கத்து வீட்டில் ஒரு அக்காவைப் பிடித்து, மாதம் பணம் கொடுத்து, ராத்திரி துணைக்குப் படுக்கச் சொன்னால் போதும். எங்கள் பாட்டா தொண்ணூறு வயது வரை அப்படித்தான் இருந்தார்.

தோவாளை மலர்

மேலே எழுதியிருக்கும் அண்ணாச்சிக்கு: ஊர் பேசும், ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு டயப்பர் மாற்ற ஊர் வராது. உங்கள் பாட்டாவைப் பார்த்துக்கொண்டது யார்? உங்கள் பாட்டியும் மைனிமாரும்தானே? அவர்களைக் கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள்.

தம்பி, நான் என் அம்மாவை இரண்டு இல்லங்களில் வைத்துப் பார்த்தவள். முதலாவது சரியில்லாமல் மாற்றினேன். எனவே பார்க்கப் போகும்போது என்ன செய்வது என்று மட்டும் சொல்கிறேன்.

போன் செய்துவிட்டுப் போகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சாப்பாடு போடும் நேரத்துக்குப் போங்கள். ஆபீஸ் அறை, டைல்ஸ், தோட்டம் எல்லாம் யாருக்கும் நன்றாகத்தான் இருக்கும். கல்யாண மண்டபம் பார்க்கப் போகிறவர்களே கடைசியில் கழிப்பறையைத்தான் பார்ப்பார்கள், நீங்களும் அங்கிருந்து தொடங்குங்கள். கைப்பிடி இருக்கிறதா, தரை ஈரமா, கதவைத் தாழ் போட்டால் வெளியிலிருந்து திறக்க முடியுமா என்று பாருங்கள். பிறகு படுக்கையில் இருப்பவர்களின் நகத்தையும் குதிகாலையும் பாருங்கள். தண்ணீர் டம்ளர் கை எட்டும் தூரத்தில் இருக்கிறதா? பல இடங்களில் தண்ணீர் அலமாரி மேல் இருக்கும். அடிக்கடி சிறுநீர் போகக் கூடாது என்று தண்ணீரையே குறைத்து விடுவார்கள்.

அங்கே இருப்பவர்களிடம் பேசுங்கள், கூட ஊழியர் நிற்காமல். “சாப்பாடு எப்படி?” என்று கேட்டால் எல்லாரும் நல்லது என்பார்கள். “நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு?” என்று கேளுங்கள். என் அம்மா முதலில் இருந்த இடத்தில் ராத்திரிக் கஞ்சி சாயங்காலம் ஐந்தரைக்கே முடிந்துவிடும். சுகர் உள்ளவர்களுக்கு அடுத்த நாள் காலை எட்டரை வரை ஒன்றும் கிடையாது.

நாஞ்சில் மைனி

நான் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். மலர் சொன்னது எல்லாம் சரி. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி. தம்பி, உங்கள் அம்மாவுக்கு இப்போது தேவைப்படுவது நிரந்தர இல்லம்தானா?

இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆனவர்களை முதல் சில வாரத்தில் பார்த்துவிட்டு, இனி நடக்க மாட்டார் என்று வீட்டார் முடிவு கட்டுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் பிசியோதெரபி ஒழுங்காக நடந்தால் வாக்கரிலிருந்து கம்புக்கு, கம்பிலிருந்து சுவர் பிடித்து நடப்பதற்கு என்று பலர் முன்னேறுகிறார்கள். படுக்க வைத்தே பார்த்துக்கொண்டால் தசை கரைந்து உண்மையிலேயே நடக்க முடியாமல் போகும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சுகர், பிரஷர் மாத்திரை தருகிறார்கள். பிசியோதெரபியும், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நோய்த் தணிப்புச் சிகிச்சையும் அதில் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்துவிட்டீர்களா? ஹோம் நர்ஸ் ஏஜென்சிகள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

இல்லம்தான் என்று முடிவானால் ராத்திரியைப் பற்றிக் கேளுங்கள். பகலில் யாரும் சமாளிப்பார்கள். ராத்திரி பத்து மணிக்குப் பிறகு எத்தனை பேருக்கு எத்தனை பேர், பெண்கள் பகுதிக்குப் பெண் ஊழியர் உண்டா, மூச்சுத் திணறல் வந்தால் யார் முடிவெடுப்பார், வண்டி எது? ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோ தக்கலை அரசு ஆஸ்பத்திரியோ எது பக்கம் என்பதை ராத்திரி நேரத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தானாகத் திரும்ப முடியாதவரை இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகுக்குக் கீழேயும் குதிகாலிலும் படுக்கைப் புண் வரும். புரட்டிய நேரத்தைக் குறிக்கும் சார்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். காற்று மெத்தை இருக்கிறதே என்று காட்டுவார்கள். மெத்தை இருந்தாலும் புரட்டத்தான் வேண்டும்.

அப்புறம் தூக்க மாத்திரை. பகல் பதினொரு மணிக்கு ஹாலில் எல்லாரும் நாற்காலியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். டாக்டர் எழுதாத எந்த மாத்திரையும் கொடுக்கக் கூடாது, மருந்துப் பதிவேட்டைப் பிள்ளைகள் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று எழுதி வாங்குங்கள். நன்றாக இருந்தவர் திடீரென்று இரண்டு நாளில் பிதற்ற ஆரம்பித்தால் “வயசாயிட்டு, அப்படித்தான்” என்று விடக் கூடாது. சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், சோடியம் குறைந்திருக்கலாம். ரத்தம், சிறுநீர் பரிசோதித்து மருந்து கொடுத்தால் பலருக்கும் தெளிந்துவிடும்.

நெறியாளர்

சிறு குறிப்பு. இல்லங்களின் பெயரையோ தொலைபேசி எண்ணையோ இங்கே போட வேண்டாம், நல்லதோ கெட்டதோ. இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அரசு உதவி எண்கள் போடலாம்.

வாத்தியார்76

இவ்வளவு பேர் எழுதிவிட்டீர்கள். அம்மா என்ன சொல்கிறார் என்று தம்பியும் எழுதவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஞாபகம் நன்றாக இருக்கிறது என்று முதல் பத்தியிலேயே இருக்கிறதே!

நான் இந்த மாவட்டத்தில் ஓர் இல்லத்தில் இருக்கிறேன். பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி இறந்த பிறகு நானே தேடி, நானே பணம் கட்டிச் சேர்ந்தேன். மகன் பெங்களூரிலிருந்து வந்து பையைத் தூக்கிக்கொண்டு வந்தான், அவ்வளவுதான். என்னுடன் இருப்பவர்களில் பாதிப் பேர் அப்படி வரவில்லை. “ஒரு வாரம் இருங்கள், வீட்டில் வெள்ளையடிக்கிறோம்” என்று கொண்டுவந்து விடப்பட்டவர்கள் உண்டு. இன்னும் வெள்ளையடித்து முடியவில்லை.

சேரும்போது நான் ஐந்தாறு காரியங்களில் பிடிவாதமாக இருந்தேன். செல்போன் என் கையில். ஏடிஎம் கார்டும் பாஸ்புக்கும் என் அலமாரியில், அலமாரிச் சாவி என் இடுப்பில். பென்ஷன் என் கணக்குக்கு வருகிறது. மாதக் கட்டணத்தை நானே செக் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குகிறேன். தினம் சாயங்காலம் ஜங்ஷன் வரை நடந்து போய் ஒரு சாயா குடிக்கிறேன். முதல் மாதம் கேட்டில் நிறுத்தி “உங்கள் மகன் போன் பண்ணிச் சொல்லட்டும், அப்புறம் விடுகிறோம்” என்றார்கள். நான் பெரிய சத்தம் போடவில்லை. நான் புத்தி தெளிவுள்ள வயது வந்த ஆள், என் மகன் எனக்குக் கார்டியன் இல்லை, எந்தச் சட்டப்படி நிறுத்துகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துக் கேட்டேன். கையெழுத்தும் போடவில்லை, பிறகு நிறுத்தவும் இல்லை.

ஓட்டை மறந்துவிடாதீர்கள். முகவரி மாறியதும் படிவம் 8 கொடுத்து இல்லத்து முகவரிக்கு மாற்றிக்கொண்டேன். 85 வயதுக்கு மேற்பட்டவர்கள் படிவம் 12டி கொடுத்தால் வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்குவார்கள். எங்கள் இல்லத்தில் இதைச் சொன்ன பிறகு வேட்பாளர்கள்கூட உள்ளே வர ஆரம்பித்தார்கள்.

இரவு டியூட்டி

நான் ஓர் இல்லத்தில் வேலை பார்க்கிறவள். பெயர் வேண்டாம். மைனி கேட்ட ராத்திரிக் கணக்கை நான் சொல்கிறேன். எங்கள் பகுதியில் பதினெட்டு பேருக்கு ராத்திரி நான் ஒருத்திதான். அதில் ஆறு பேர் படுக்கை. இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்ட வேண்டும் என்று எனக்கும் தெரியும். ஒருவரைத் தனியாகப் புரட்டித் துணி மாற்றக் கால் மணி ஆகும். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எங்களைத் திட்டுகிறவர்கள் ஆள் போடச் சொல்லி முதலாளியைத் திட்டுங்கள்.

இல்லம் பார்க்க வருகிறவர்கள் எங்களிடம் எதுவும் கேட்பதில்லை. சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது என்று ஓர் ஆயாவிடம் கேளுங்கள். அவள் முகத்திலேயே அந்த இல்லம் தெரிந்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஆள் மாறுகிற இடத்தில், யாருக்கு எந்தப் பக்கம் வலி என்று யாருக்கும் தெரியாது.

இன்னொன்று, பிள்ளைகள் மறைக்கிறார்கள். ராத்திரி எழுந்து நடப்பார், கையை ஓங்குவார் என்பதைச் சொன்னால் சேர்க்க மாட்டார்களோ என்று சொல்லாமல் விட்டுவிட்டுப் போகிறார்கள். மூன்றாம் நாள் எங்கள் கையில் கடி. பழைய மருந்துச் சீட்டு, என்ன சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாது, எந்தக் காது கேட்காது, எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவார் எல்லாம் ஒரு தாளில் எழுதித் தாருங்கள். அது எங்களுக்குப் பெரிய உபகாரம்.

பத்திரக்காரர்

தக்கலையில் பத்திரம் எழுதுகிற தொழில். உரிமையியல் வழக்கு என்று வந்தால் வக்கீலைப் பாருங்கள், நான் அன்றாடம் கண்டதைச் சொல்கிறேன்.

தம்பி, இல்லத்தில் சேர்ப்பதற்கு முந்தைய வாரம் எழுதப்படும் செட்டில்மெண்ட் பத்திரங்களைத்தான் நான் மிகவும் பயத்தோடு எழுதுகிறேன். அந்தக் கிழவிக்குக் கையில் இருக்கும் கடைசிப் பிடி அது. செட்டில்மெண்ட் ஒருமுறை பதிவானால் சொத்து அன்றைக்கே கைமாறிவிடும். உயில் அப்படி இல்லை. உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றலாம், இரண்டு சாட்சிகள் போதும், பதிவு கட்டாயம் இல்லை என்றாலும் செய்துவிடுவது நல்லது. அண்ணன் சொல்லும் அலைச்சல் குறைய உயிலே போதும். அதற்கும் மீறி செட்டில்மெண்ட்தான் என்றால் இரண்டு வாசகம் இல்லாமல் கையெழுத்துப் போட விடாதீர்கள். ஒன்று, அம்மாவின் ஆயுள்வரை வீட்டில் குடியிருக்கவும் தோப்பின் வருமானத்தை அனுபவிக்கவும் அவருக்கே உரிமை. இரண்டு, வாங்குகிறவர் அம்மாவைப் பராமரிக்க வேண்டும், தவறினால் பத்திரம் ரத்து.

இரண்டாவது வாசகத்துக்குக் காரணம் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 23-ஆம் பிரிவு. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்து, வாங்கியவர் பராமரிக்கவில்லை என்றால் மோசடியாக வாங்கியதாகக் கருதப்பட்டு, அந்தச் சட்டப்படி அமைந்த தீர்ப்பாயம் அதைச் செல்லாது என்று அறிவிக்கலாம். அந்த நிபந்தனை இருந்தது என்று காட்டியாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில், இது முதியவர்களுக்காக வந்த சட்டம், தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று சொல்லி ஒரு தாயின் சொத்தைத் திருப்பிக் கொடுத்தது. அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றமும், அன்பினால் எழுதிக்கொடுக்கிறேன் என்ற வாசகத்திலேயே பராமரிப்பு என்ற நிபந்தனை அடங்கியிருக்கிறது என்ற நிலையை எடுத்தது. நல்ல தீர்ப்புகள்தான். ஆனாலும் 78 வயதில் எந்தத் தாயும் தீர்ப்புகளை நம்பிப் படியேற வேண்டாம். நிபந்தனையை வெளிப்படையாக எழுதிவிட்டால் வேலை முடிந்தது.

தீர்ப்பாயம் எங்கே என்றால்: அகஸ்தீஸ்வரம், தோவாளை தாலுகாக்காரர்களுக்கு நாகர்கோவில் கோட்டாட்சியர். கல்குளம், விளவங்கோடு, கிள்ளியூர், திருவட்டாறு என்றால் பத்மநாபபுரம் சார் ஆட்சியர், அலுவலகம் இங்கே தக்கலையில். வக்கீல் இல்லாமல் வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுக்கலாம். தானே போக முடியாதவர் வேறொருவர் மூலம் கொடுக்கலாம். நோட்டீஸ் சேர்ந்து 90 நாளில் முடிக்க வேண்டும், தவிர்க்க முடியாத நேரத்தில் ஒரு முறை 30 நாள் கூட்டலாம். மாதம் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை உத்தரவிடலாம். மேல்முறையீடு 60 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம். மகன் மட்டும் இல்லை, மகள், வயது வந்த பேரன் பேத்தியும் பொறுப்பு. பிள்ளை இல்லாதவர் என்றால் அவர் சொத்தை அனுபவிக்கிற அல்லது அடையப்போகிற உறவினர். கைவிட்டு விட்டுப் போனால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

பத்து சென்ட்டைக் கேட்கும் டிரஸ்ட் பற்றி எனக்கு ஒரே கருத்துதான்: வேண்டாம். மாதக் கட்டணம் வாங்குகிறவனுக்கு அடுத்த மாதக் கட்டணமும் வர வேண்டும் என்ற கவலை இருக்கும். நிலத்தை மொத்தமாக வாங்கியவனுக்கு அந்தக் கவலை இருக்காது.

கிள்ளியூர்க்காரன்

எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் சார் கேட்டது நெஞ்சில் தைத்தது. இன்று ராத்திரி அம்மாவிடம் உட்கார்ந்து பேசுகிறேன்.

புதுக் கட்டட இல்லத்தின் ஒப்பந்தத்தை வாங்கிவிட்டேன். ஆறு பக்கம் ஆங்கிலத்தில். டெபாசிட் எந்தக் காரணத்துக்கும் திருப்பித் தரப்படாது, நிர்வாகம் நினைத்தால் அறையை மாற்றும், படுக்கை நிலை வந்தால் பதினைந்து நாளில் அழைத்துச் சென்றுவிட வேண்டும், விழுந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல என்றெல்லாம் இருக்கிறது. இதெல்லாம் வழக்கமா? ஒவ்வொரு அறையிலும் சிசிடிவி உண்டு, ஷார்ஜாவிலிருந்தே போனில் அம்மாவைப் பார்க்கலாம் என்றும் சொன்னார்கள். அது மட்டும் எனக்குப் பிடித்திருந்தது.

தோவாளை மலர்

படுக்கை நிலை வந்தால் கூட்டிக்கொண்டு போ என்பது நீண்ட காலப் பராமரிப்பே இல்லை, ஹாஸ்டல். நடக்க முடியாத நாளுக்குத்தானே இல்லம் தேடுகிறோம்? அந்த ஒரு வரிக்காகவே நான் அந்த இடத்தை விட்டுவிடுவேன்.

மற்றபடி கேட்டுத் திருத்தலாம். தமிழில் ஒரு பிரதி கேளுங்கள், அம்மா படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், அவர்தான் அங்கே இருக்கப் போகிறார். டெபாசிட்டில் எவ்வளவு திரும்பும், எத்தனை நாளில் என்று எழுதச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் கிடக்கும் நாட்களுக்கு முழுக் கட்டணமா? டயப்பர், மருந்து, பிசியோதெரபி கட்டணத்துக்குள்ளா வெளியிலா? கட்டணம் எப்போது ஏறும்? மாத நடுவில் இறந்துவிட்டால் என்ன கணக்கு? கேட்கக் கூச்சமாக இருக்கும், கேட்டுவிடுங்கள். எங்களிடம் அம்மா இறந்த பிறகு அடுத்த மாதக் கட்டணமும் கேட்டார்கள்.

“விழுந்தால் பொறுப்பல்ல” என்று அச்சடித்துவிட்டால் பொறுப்பு போய்விடாது. காசு வாங்கிக்கொண்டு செய்வது சேவை. குறை இருந்தால் இரண்டு வருடத்துக்குள் நாகர்கோவிலில் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் வரையிலான கட்டணத்துக்கு வழக்குக் கட்டணமே கிடையாது. ரசீது முக்கியம். ரசீது தராமல் நன்கொடை என்று எழுதித் தருகிற இடத்தில் கவனம்.

வாத்தியார்76

சிசிடிவி பற்றித் தம்பி யோசிக்க வேண்டும். வராந்தா, சாப்பாட்டு அறை, வாசல் என்றால் நானே கேட்பேன். படுக்கையறையில் வேண்டாம். நான் என் அறையில் வேட்டி மாற்றுவேன், மாத்திரையை விழுங்க முடியாமல் துப்புவேன், சில ராத்திரி அழுவேன். இதை என் மகன் பெங்களூரில் உட்கார்ந்து போனில் பார்க்க வேண்டாம். உங்கள் அம்மாவோடு அறையில் இருக்கப்போகும் அடுத்த கட்டில்காரர் சம்மதித்தாரா?

தோவாளை மலர்

சார், உங்களுக்குப் பேச முடிகிறது, எழுத முடிகிறது. என் அம்மாவுக்கு மறதி நோய். தோளில் நீலமாகக் கன்றியிருந்ததை யார் செய்தது என்று அவரால் சொல்ல முடியவில்லை. கேமரா இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

வாத்தியார்76

நீங்கள் சொல்வது நியாயம் அம்மா. அப்படிப்பட்டவர்களுக்கு வேறு வழியில்லை என்றால் வையுங்கள். யார் பார்க்கலாம், எத்தனை நாள் பதிவு இருக்கும், உடை மாற்றும்போது திரை போடுவார்களா என்பது எழுத்தில் இருக்கட்டும். வாயுள்ளவர்களுக்கு மட்டும் கேட்டுவிட்டு வையுங்கள் என்கிறேன்.

இரவு டியூட்டி

கேமராவைவிட, சொல்லாமல் வருகிற சொந்தக்காரர்தான் எங்கள் முதலாளிக்குப் பயம். ஷார்ஜாவிலிருந்து வர முடியாது, சரி. ஊரில் யாராவது ஒருவர், ஒரு சித்தியோ, அன்பியத்துக்காரர்களோ (பங்குக் கோயிலில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக் குழு), நாள் சொல்லாமல் வந்து அரைமணி நேரம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போனால் அந்தக் கட்டிலுக்குத் தனிக் கவனிப்பு கிடைக்கும். இப்படித்தான் நடக்கிறது. வெட்கக்கேடுதான்.

நாஞ்சில் மைனி

பதிவு பற்றி யாரும் சொல்லவில்லையே. இல்லம் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பதிவு பெற்றதா என்று கேட்டு, சான்றிதழின் செல்லுபடித் தேதியைப் பாருங்கள். டிரஸ்ட் பதிவுச் சான்றிதழைக் காட்டி ஏமாற்றுவார்கள், அது வேறு இது வேறு. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் பக்கம் ஓர் ஆசிரமத்தில் நடந்த கொடுமைகள் வெளியே வந்தது ஞாபகம் இருக்கும். அங்கே விடப்பட்ட ஒரு பெரியவரைக் காணோம் என்று வழக்குப் போட்டதில்தான் எல்லாம் தெரிந்தது. உரிமமும் கிடையாது. முதியோர் இல்லங்களுக்குப் பதிவும் குறைந்தபட்சத் தரமும் வேண்டும் என்று மத்திய அரசு 2019 டிசம்பரில் ஒரு திருத்த மசோதா கொண்டுவந்தது. அது நிறைவேறவே இல்லை. ஆகவே நம் கண்ணைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

ஏதாவது கொடுமை என்று தெரிந்தால் 14567 என்ற எண். முதியோர் உதவி மையம், கட்டணம் இல்லை, காலை எட்டிலிருந்து ராத்திரி எட்டு வரை. உள்ளே இருப்பவரே கூப்பிடலாம். அந்த எண்ணை உங்கள் அம்மாவின் போனில் ஒரு பெயர் போட்டுப் பதிந்து கொடுங்கள்.

மார்த்தாண்டம் மக்கா

சரி, என்னைப் போட்டு அடித்துவிட்டீர்கள், வாங்கிக்கொண்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். டெபாசிட், ஒப்பந்தம் என்று பேசுகிறீர்கள். எங்கள் தெருவில் ரப்பர் வெட்டிப் பிழைத்த ஒரு அண்ணாச்சி, கை நடுங்குகிறது, கல்யாணம் ஆகவில்லை, ரேஷன் அரிசியும் முதியோர் பென்ஷனும்தான். அவருக்கு எந்த இல்லம்?

பத்திரக்காரர்

நல்ல கேள்வி. நான் முன்பு சொன்ன 2007 பராமரிப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவில், ஆதரவற்ற முதியவர்களுக்காக மாவட்டத்துக்கு ஒரு இல்லமாவது, 150 பேருக்கு இடம் இருக்கும்படி, மாநில அரசு அமைக்கலாம் என்று இருக்கிறது. “அமைக்கலாம்” என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. நடைமுறையில் இங்கே சபைகளும் மடங்களும் தொண்டு நிறுவனங்களும் நடத்தும் இலவச இல்லங்கள்தான் தாங்குகின்றன. மாவட்ட சமூக நல அலுவலர் வழியாகப் போனால் அரசு மானியம் பெறும் இல்லம் எது, இடம் எங்கே காலி என்று கேட்டுச் சேர்க்கலாம். நீங்களே ஒரு மனு எழுதி அவரோடு போங்கள், தனியாகப் போனால் நாளைக்கு வா என்பார்கள். அவர் அண்ணன் தம்பி பிள்ளைகள் யாராவது அவர் மண்ணில் வீடு கட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். இருந்தால் தக்கலைக்கு வாருங்கள்.

தோவாளை மலர்

பேங்க் விஷயம் ஒன்று, மறதி நோய் தொடங்கியவர்களின் பிள்ளைகளுக்கு. அம்மா கொடுத்த பவர் பத்திரம் இருக்கிறது, எல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தோம். கொடுத்தவருக்குச் சித்த சுவாதீனம் போய்விட்டால் அந்தப் பவரும் போய்விடும் என்று பேங்கில் சொன்னார்கள், ஒப்பந்தச் சட்டம் அப்படித்தான். பிறகு கார்டியன் நியமிக்க உயர் நீதிமன்றம்வரை போக வேண்டி வந்தது. தெளிவாக இருக்கும்போதே கணக்கை இருவர் பெயரில், யாராவது ஒருவர் எடுக்கலாம் என்று மாற்றிவிட்டால் பாதி வேலை குறையும். ஆனால் அந்த இன்னொருவர் யார் என்பதைப் பிள்ளைகள் அல்ல, அம்மாதான் சொல்ல வேண்டும். உடம்பு மட்டும் முடியாதவர்களுக்கு இது வேண்டாம். கைநாட்டு வைத்து இரண்டு சாட்சிகள், அதில் ஒருவர் பேங்க் ஆள் என்று எடுக்கலாம். 70 வயதுக்கு மேல் வீட்டுக்கே வந்து சேவை தரச் சொல்லி ரிசர்வ் வங்கி 2017-லேயே சொல்லியிருக்கிறது. இல்லமும் வீடுதான் என்று மேனேஜருக்குப் புரிய வையுங்கள்.

கிள்ளியூர்க்காரன்

பேசிவிட்டேன். நான் மூன்று இல்லங்களையும் விளக்கிச் சொல்லி முடிக்கும்வரை அம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு, “இதையெல்லாம் என் போனில் அனுப்பு, நான் மேரி சித்தியிடம் கேட்டுச் சொல்கிறேன்” என்றார். சித்தி ஏற்கெனவே அந்தக் கன்னியாஸ்திரிகள் இல்லத்தில் யார் யார் இருக்கிறார்கள், மீன் வாரத்தில் எத்தனை நாள் என்று விசாரித்து வைத்திருக்கிறார். எனக்குத்தான் தெரியவில்லை.

அம்மா சொன்னது இது. இப்போது எங்கும் வர மாட்டார். பிசியோதெரபிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்று பெயர் கொடுத்தாயிற்று, தனியாக ஒருவரும் வாரத்தில் மூன்று நாள் வருகிறார். ஈஸ்டர் வரை வீட்டில். அதற்குள் நடை தேறவில்லை என்றால் கன்னியாஸ்திரிகள் இல்லத்தில் ஒரு மாதம் விருந்தாளி மாதிரி இருந்து பார்ப்பார், தினம் பூசை உண்டு என்பதால். பிடிக்கவில்லை என்றால் திரும்பி வருவார், வீட்டைப் பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்வார். பத்து சென்ட் டிரஸ்டைப் பற்றிச் சொன்னதும் சிரித்துவிட்டார். அண்ணனுக்குச் செட்டில்மெண்ட் கிடையாது, மூவருக்கும் சேர்த்து உயில், அதையும் தானே பத்திரக்காரரிடம் சொல்லி எழுதிக்கொள்வாராம். தேங்காய் வெட்டுக் காசு இதுவரை அண்ணன் கணக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. அது வரும் வெட்டிலிருந்து தன் கணக்குக்கு வர வேண்டும் என்று அவரே அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். அண்ணன் என்னிடம் இரண்டு நாளாகப் பேசவில்லை.

ராத்திரித் துணைக்கு மட்டும் ஆள் வேண்டும். மார்த்தாண்டம் அண்ணாச்சி சொன்ன மாதிரி பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டிருக்கிறோம், அவர் மாதம் என்ன எதிர்பார்ப்பார் என்று தெரியவில்லை.

மார்த்தாண்டம் மக்கா

பார்த்தாயா மக்கா! காசை மட்டும் பேசி வை. மாதம் பிறந்ததும் கொடுத்துவிடு, வாரத்தில் ஒரு ராத்திரி அவருக்கு லீவு விடு, அந்த ராத்திரிக்கு வேறு ஆளை இப்போதே சொல்லி வை. ஓணத்துக்கு ஓடுகிறார்கள் என்றாயே, லீவு இல்லாமல் வைத்தால் யாரும் ஓடத்தான் செய்வார்கள்.

நாஞ்சில் மைனி

வீட்டில் இருப்பது என்றால் முற்றத்துப் பாசியை இன்றே சுரண்டச் சொல்லுங்கள். ரப்பர் செருப்பு வேண்டாம், பின்னால் பட்டி உள்ள செருப்பு. கட்டிலிலிருந்து கழிப்பறை வரை ராத்திரி லைட் எரியட்டும், வழியில் கிடக்கும் மிதியடியை எடுத்துவிடுங்கள். எலும்பு தேய்மானத்துக்கு மருந்து எழுதியிருக்கிறார்களா என்று ஆபரேஷன் செய்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஒருமுறை இடுப்பு முறிந்தவருக்கு அடுத்த எலும்பும் முறியும் வாய்ப்பு அதிகம், டிஸ்சார்ஜ் சீட்டில் இது விட்டுப்போவதுண்டு.

கிள்ளியூர்க்காரன்

டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்தேன் மைனி, கால்சியம் மட்டும்தான் இருக்கிறது. திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்க அம்மாவோடு போகிறேன்.